வண்டி எண்ணுக்கு எத்தனை நாள் ஞாபகம்?

தை மாதம், சம்பா அறுவடை நேரத்தில், கீழ்வேளூர் வழியாகப் போகும் திருவாரூர் – நாகப்பட்டினம் சாலையில் நின்று நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதி ஊர் நிலவரம் தெரிந்துவிடும். டிஎன் 51 உள்ளூர், நாகை வண்டி. டிஎன் 50 திருவாரூர், டிஎன் 49 தஞ்சாவூர். டிஎன் 77 ஆத்தூர். பெரும்பாலும் அறுவடை மெஷினோடு வந்த கூட்டமாக இருக்கும். பிஒய் 02 காரைக்கால். இந்த எழுத்தைக் கண்டால் மட்டும் காவலரின் கண் தானாக டிக்கிப் பக்கம் திரும்பும். காரணம் எல்லோருக்கும் தெரியும்: அங்கே மது விலை குறைவு.

கண்ணால் நடக்கும் இந்த வேலை இப்போது கருவிக்குப் போய்விட்டது. வாகனத் தணிக்கையில் காவலர் உங்கள் வண்டி எண்ணை இ-சலான் கருவியில் தட்டுகிறார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘வாகன்’ தரவுத்தளம் உரிமையாளர் பெயர், இன்சூரன்ஸ் தேதி, எஃப்சி, கட்டாத அபராதம் எல்லாவற்றையும் சில நொடியில் சொல்லிவிடுகிறது. நீங்கள் ஆர்சி புத்தகத்தை எடுக்கவே வேண்டியதில்லை.

ஆனால் தரவுத்தளத்துக்குத் தெரிந்தது வண்டியை, ஓட்டுபவரை அல்ல. டெல்டாவில் ஒரு பைக்கை அண்ணன், தம்பி, மாப்பிள்ளை என்று வீடே ஓட்டும். கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டிக்கு 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கியதோடு சரி, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓடும். “யார் பேர்ல இருக்கு வண்டி?” என்ற கேள்விக்கு இங்கே நேரான பதில் கிடைப்பது அபூர்வம். 2020 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘கன்சாஸ் எதிர் குளோவர்’ வழக்கில், ரோந்துக் காவலர் ஓர் எண்ணைத் தட்டிப் பார்க்கிறார், உரிமையாளரின் ஓட்டுநர் உரிமம் ரத்தாகியிருக்கிறது என்றால், ஓட்டுவது அவர்தான் என்று ஊகித்து வண்டியை நிறுத்தலாம், அது வெறும் பொது அறிவு என்றது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், சோனியா சோட்டோமேயர் மட்டும் மறு பக்கம். அந்தப் பொது அறிவு கீழ்வேளூர் ரயில்வே கேட்டைத் தாண்டாது.

தட்டுவதற்கும் ஆள் தேவையில்லை என்ற நிலை 1976இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் காவல்துறையின் அறிவியல் பிரிவு, எண்ணைத் தானே படிக்கும் கேமராவை உருவாக்க ஆரம்பித்த ஆண்டு அது. 1981இல் திருட்டுக் கார் ஒன்றை அது காட்டிக்கொடுத்து ஒருவர் கைதானார். சென்னையில் அண்ணா நகர்ச் சந்திப்புகளில் 2019இல் இவ்வகைக் கேமராக்கள் வந்தன.

எண்ணைப் படிக்கும் நுட்பம் பாதி கேமராவில், பாதி பிளேட்டில் இருக்கிறது. பிளேட்டின் மேலுள்ள படலம், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கே திருப்பி அனுப்பும். ஹெட்லைட் பட்டதும் சாலையோரப் பலகை பளிச்சிடுவது இதனால்தான். கேமராவின் பக்கத்திலேயே நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு எரியும். அந்த ஒளி படலத்தில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருவதால், நள்ளிரவிலும் பிளேட் மட்டும் வெள்ளையாக எரிய, எழுத்துகள் கறுப்பாக நிற்கும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஷட்டர் திறந்து மூடினால் வேகமாகப் போகும் வண்டியும் கலங்காமல் விழும். பிறகு மென்பொருள் செவ்வகத்தைத் தேடிப் பிடித்து, கோணலை நிமிர்த்தி, எழுத்து எழுத்தாகப் பிரித்து அடையாளம் காணும். நம் எண்களின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், தொடர் எழுத்துகள், நான்கு இலக்கம் என்ற வரிசை தெரிந்திருப்பதால், மூன்றாம் இடத்தில் ‘ஓ’ மாதிரி தெரிந்தாலும் அது பூஜ்யம்தான் என்று இயந்திரம் முடிவுகட்டிவிடும்.

இதெல்லாம் பிளேட் ஒழுங்காக இருந்தால். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரால் பொறித்த எண்ணும் கொண்ட உயர்பாதுகாப்புப் பிளேட் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் பெயிண்டர் கைவண்ணம்தான். சாய்ந்த எழுத்து, தலைவர் படம், தமிழில் எண், அதன்மேல் வயல் சேறு. வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் பிளேட் இருப்பதே தெரியாது. இரண்டு வரிசையில் எழுதிய பைக் பிளேட் வேறு. இயந்திரம் தப்பாகப் படிக்காமல் என்ன செய்யும்?

தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பதில் உண்டு. 2009 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ ரோந்துக் காரின் கேமரா, ஒரு பெண்மணியின் காரில் இருந்த 3ஐ 7 என்று படித்தது. 7 உள்ள எண் திருட்டுப் பட்டியலில் இருந்தது. அந்த எண்ணுக்குரியது சாம்பல் நிற டிரக். அவர் ஓட்டியதோ சிவப்புச் சாயல் கொண்ட லெக்ஸஸ். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. துப்பாக்கிகள் நீள, அவரை மண்டியிடவைத்து விலங்கு மாட்டினார்கள். கேமராவின் பிழையைவிட, பிளேட்டை இன்னொரு தடவை கண்ணால் பார்க்காததுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது.

ஆனாலும் பிழையான வாசிப்பை விடவும் சரியான வாசிப்பே அதிகம் யோசிக்க வைக்கிறது. தேரடி டீக்கடைக்காரருக்கும் யார் வண்டி எப்போது போனது என்று தெரியும். ஆனால் அடுத்த வாரம் கேட்டால் அவர் தலையைச் சொறிவார். கேமரா சொறியாது. எண், இடம், நேரம் மூன்றும் சேர்ந்து கிடந்தால், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போனீர்கள், எந்தக் கட்சிக் கூட்டத்தில் இருந்தீர்கள் என்பதெல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய விஷயம். எண்ணை நீக்கிவிட்டுச் சேமித்தாலும் பெரிய பயனில்லை. 15 லட்சம் பேரின் கைபேசி நடமாட்டத்தை 15 மாதங்களுக்கு ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், இடமும் நேரமுமாக நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதுமாக இருந்தன.

அதனால் மற்ற நாடுகளில் சண்டை, படிக்கலாமா என்பதைவிட எப்போது அழிப்பது என்பதில்தான். பிரிட்டனில் வழக்கமாக ஓராண்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், தேடப்படும் எண்ணாக இல்லாவிட்டால் மூன்றே நிமிடத்தில் அழித்துவிட வேண்டும். ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், பொருந்தாத எண்ணை உடனே தடயமின்றி அழித்துவிட்டால் உரிமையில் தலையீடே இல்லை என்று 2008இல் சொன்னது. 2018 டிசம்பரில் அதைத் தானே மாற்றி, அப்படி அழித்தாலும் சோதித்தது தலையீடுதான் என்றது.

இங்கே, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன புட்டசாமி தீர்ப்பு வந்தது 2017 ஆகஸ்ட் 24. அதன் பிறகும் 2019இல் அமைச்சகம் ‘வாகன்’ தரவை மொத்தமாக விற்கும் கொள்கை கொண்டுவந்தது. நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 87 தனியார் நிறுவனங்களுக்குத் தரவு போனதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அந்தரங்கக் கவலை எழுந்து 2020இல் கைவிட்டார்கள். இன்று எம்-பரிவாகன் செயலியில் உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரக் குறியாக வருகிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத்தைத் தடுக்கவும் துப்புத்துலக்கவும் செய்யும் வேலைகளுக்குப் பெரும்பாலான கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது. கேமராக்கள் பற்றிய 2021இன் 167ஏ விதி, கண்காணிப்புப் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. ஆனால் அது சாலை விதிமீறல் அபராதத்துக்கான விதி, ரோந்துக்கானது அல்ல. சேர்த்து வைத்தது கசியவும் செய்யும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைப் பிடித்து யாரோ நுழைந்துவிட்டார்கள்.

வெளியாள்தான் நுழைய வேண்டும் என்றில்லை. கன்சாஸ் மாநிலத்தில் செட்க்விக் என்ற சிற்றூர். அங்கே காவல் தலைவராக இருந்தவரே முன்னாள் தோழியும் அவருடைய புதிய காதலரும் எங்கெல்லாம் போகிறார்கள் என்று எண் கேமராக்களில் தேடிக்கொண்டிருந்தார். 228 தடவை. எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாகக் கிடைத்ததற்குக் காரணம், யார் எப்போது எதைத் தேடினார் என்பதையும் அந்த அமைப்பு பதிந்து வைத்திருந்ததுதான்.

நம் மாவட்டத்தில் அப்படி ஒரு பதிவு வைக்கப்படுகிறதா, பொருந்தாத எண்கள் எத்தனை நாளில் அழிக்கப்படுகின்றன என்று கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் இந்த இரண்டு கேள்வி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நாகப்பட்டினம் எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. பதில் தர அவர்களுக்கு 30 நாள்.