மின்னஞ்சலில் உறங்கும் மருத்துவ அறிக்கைகள்
நெஞ்சுவலியுடன் வருபவரின் பழைய இசிஜி கிடைத்தால், இன்று காணும் மாற்றம் புதியதா என்பதை உடனே ஒப்பிட்டு அறியலாம். பல வேளைகளில் அது நோயாளியின் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. கைப்பேசி தொலைந்தாலோ கடவுச்சொல் மறந்தாலோ எட்டாமற்போகிறது.

ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. ஒத்திசைந்த கணக்கில், கைப்பேசியில் அழித்த மின்னஞ்சல் கணினியிலும் மறையும். ஜிமெயிலில் குப்பைத்தொட்டிக்குச் சென்றது 30 நாள்களில் நிரந்தரமாக நீங்கும். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கூகுள் கணக்கே நீக்கப்படலாம்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, இசிஜி, எக்கோ அறிக்கை, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றைத் தரவிறக்கி, கடவுச்சொல்லால் பூட்டிய பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள். அச்சிட்ட நகலும் கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் இவற்றைப் புதுப்பியுங்கள்.

மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதற்குரிய காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிறருடைய கணினியில் அறிக்கையைத் திறக்க நேர்ந்தால், பிரவுசர் கேட்டாலும் கடவுச்சொல்லைச் சேமிக்காதீர்கள். கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்கள்.

இவை இருக்குமிடம் குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி பேச இயலாத நிலையில், அவர் கொண்டுவரும் கோப்பே எங்களுக்கு வழிகாட்டும்.