விலையில்லா ஆட்டமும் விளம்பரமும்

பலர் ஒருங்கு கூடி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துதற்கு இடையறாது பொருள் வேண்டும். ஆட்டத்தைத் தாங்கும் கணினிகள் இரவும் பகலும் இயங்குதல் வேண்டும். அவற்றைப் பேணுவார்க்கு ஊதியமும் வேண்டும். ஆதலின், தொடக்கத்தில் இவ்வாட்டங்களுட் பல திங்கள்தோறும் கட்டணம் பெற்றன.

நார்வே நாட்டு ஃபன்காம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ‘அனார்க்கி ஆன்லைன்’ அத்தகையதே. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் அடிப்படை ஆட்டத்தைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கிற்று. கட்டணம் செலுத்தாதார்க்கு, ஆட்டத்துள் அமைந்த நகரங்களின் பலகைகளில் மெய்யான பொருள்களின் விளம்பரங்கள் தோன்றின. கதை எதிர்கால உலகில் நிகழ்வதாகலின் அப்பலகைகள் அங்குப் பொருந்தின. பண்டைக் காலப் போர்க்களமாயின் பொருந்தா.

இம்முறைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆடுவோர் காணாத விளம்பரத்தால் வணிகர்க்குப் பயனில்லை. கண்ணை உறுத்தும் விளம்பரத்தால் ஆட்டத்தின் இன்பம் கெடும். இவ்விளம்பரங்களை இணையவழி அனுப்பிய மாசிவ் நிறுவனத்தை 2006-இல் வாங்கிய மைக்ரோசாப்ட், 2010-இல் அதனை மூடிற்று. ஆட்டத்துள் உடை, கருவி முதலியன விற்றுப் பொருளீட்டும் முறையே பின்னர்ப் பெருகிற்று.

எனவே, விலையில்லா ஆட்டத்திற்கும் விலை உண்டு. அதனை வணிகர் பொருளாகத் தருகின்றனர். ஆடுவோர் தம் கவனமாகத் தருகின்றனர் என்க.