தூக்கத்திலும் ஓடும் இதயம்

பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் நிலையத்துப் படியேறும் எந்தக் கர்ப்பிணிக்கும் மூச்சு வாங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். வெயிலும் வயிற்றுப் பிள்ளையும்தான் காரணம் என்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், ஆயிரத்தில் ஓரிருவருக்குத் தைராய்டு சுரப்பி அளவுமீறிச் சுரப்பதும் இதே அறிகுறிகளோடுதான் வருகிறது. அப்படிப்பட்டவர்களில் பலருக்கும் இருப்பது, டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்த கிரேவ்ஸ் நோய். உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளே சுரப்பியை ஓயாமல் தூண்டும்.

கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு 10, 20 தடவை கூடுதலாகத் துடிக்கிறது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் துடிப்பு இன்னும் விரைகிறது, இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. உறங்கும்போதுகூட நாடி 100க்குக் கீழே இறங்காமல் இருக்கலாம். சிலருக்கு இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும். மாதக்கணக்கில் இப்படி ஓடி இதயத்தசை சோர்ந்தால், இரத்தம் நுரையீரலில் தேங்கி, காற்றறைகளுக்குள் நீர் கசியும். மல்லாந்து படுக்க முடியாது. நடுராத்திரியில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் திணறுவதும் உண்டு. வியப்பு என்னவென்றால், சுரப்பியை அடக்கினால் பெரும்பாலோருக்கு இதயம் தேறிவிடுகிறது.

பிரசவம்தான் கண்டம். நஞ்சுக்கொடி விழுந்து கருப்பை சுருங்கியதும், அங்கிருந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் பாய்கிறது. இரத்தசோகையோ காய்ச்சலோ சேர்ந்துகொண்டால் தளர்ந்த இதயம் தாங்காது.

பிள்ளைக்கு ஆகாதென்று பயந்து, நாள் தள்ளியதுமே தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் முழுக்கத் தவறல்ல. அந்த மாத்திரைகளில் ஒன்றான கார்பிமசோல் தொடக்கத்தில் கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம் என்பதால், முதல் மூன்று மாதங்களுக்குப் புரோபில்தையோயுராசில் என்ற மாத்திரையைத் தருவது வழக்கம். அது தாயின் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதால் பிறகு மாற்றுவதும் உண்டு. மாத்திரையை மாற்றுவது டாக்டரின் வேலை; நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. கதிரியக்க அயோடின் மட்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

அரசு கிளினிக்கில் கர்ப்பப் புத்தகம் போடும்போதே பழைய தைராய்டு கதையை மிஸ்ஸியிடம் சொல்லிவிட வேண்டும். கிள்ளான்வாசிகளைத் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்ப அது உதவும். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, கை நடுங்குகிறது, கழுத்து வீங்கியிருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் கிரேவ்ஸ் நோய் பலருக்குத் தணிந்து, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மீண்டும் சீறும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்று, தாயும் தன் நாடியைப் பார்க்கச் சொல்லலாம்.