ஹாம்ஸ்டர் செல்லில் இரண்டு நாள் பசுமை

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சச்சிஹிரோ மட்சுநாகா குழுவினர், சிவப்புப் பாசி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களை ஹாம்ஸ்டரின் சூலகச் செல்களுக்குள் புகுத்தியதையும், ஒளிச்சேர்க்கையின் முதற்கட்டமான எலக்ட்ரான் ஓட்டம் அங்கே இரண்டு நாள் நீடித்ததையும் 2024இல் வெளியிட்டபோது, வெயிலில் நின்றே பசியாறும் விலங்குகள் வரப்போவதாகத் தலைப்புகள் துள்ளின. செல்சுவர், பெரிய நுண்குமிழி, பசுங்கணிகம் என்று தாவரச் செல்லின் தனிச்சொத்துகளைப் பட்டியலிட்டே பழகியவர்களுக்கு, அவற்றில் ஒன்றை விலங்குச் செல்லுக்குள் வைத்துவிட்டால் வேறுபாடு குறைந்துவிடும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் ஏன் இருபது நாளாகவில்லை என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பசுங்கணிகம் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியா என்ற கருத்தை 1905இல் மெரெஷ்கோவ்ஸ்கி முன்வைத்தார், 1967இல் லின் மார்குலிஸ் அதற்கு மறுவாழ்வு தந்தார். வரலாறு இங்கு இவ்வளவு போதும்.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் வந்த அந்த உயிரி, தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை அந்தச் செல்லின் உட்கருவுக்குக் கொடுத்துவிட்டது. பூக்கும் தாவரங்களின் பசுங்கணிகத்துக்கு 2000க்கும் மேற்பட்ட புரத வகைகள் தேவைப்பட, அதன் கைவசம் எஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம் மரபணுக்களே. சிவப்புப் பாசிகளிடம் இருநூறுக்கும் மேல் உண்டென்றாலும் அவையும் போதா. பூர்வீகச் சொத்தை மாமனார் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மூக்குப்பொடிக்கும் அவரிடமே கையேந்தும் வீட்டோடு மாப்பிள்ளையின் நிலை இது. மாமனார் அனுப்பும் ஒவ்வொரு பொருளின் முனையிலும் மாப்பிள்ளைக்குரியது என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். புரதத்தின் தொடக்கத்தில் உள்ள சிறு அமினோ அமிலத் தொடரே அந்தச் சீட்டு. பசுங்கணிகத்தின் வெளிச்சவ்வில் டாக், உட்சவ்வில் டிக் எனப்படும் புரத வாயில்கள் அதை அடையாளம் கண்டு, மடிப்புக் குலைந்த புரதத்தை நூல்போல் உள்ளிழுக்க, உள்ளே காத்திருக்கும் நொதி சீட்டைக் கத்தரித்து எறிகிறது. ஹாம்ஸ்டர் வீட்டு மாமனாரிடமோ அந்தப் பத்திரங்களும் இல்லை, சீட்டு ஒட்டும் வழக்கமும் இல்லை; போதாக்குறைக்கு, அயற்பொருளைச் செரித்துத் தீர்க்கும் லைசோசோமும் அங்கே உண்டு. அதற்கு ஓர் உறவுமுறை கற்பிப்பது வாசகர் பொறுப்பு.

வரத்து நின்றால் உடனே தெரிந்துவிடும், ஏனெனில் ஒளிச்சேர்க்கையைச் சிதைப்பதும் ஒளியே. ஒளியமைப்பு இரண்டு என்ற கூட்டமைப்பின் நடுவிலுள்ள டி1 புரதம், கடும் வெயிலில் அரைமணி அளவிலேயே பாதி பழுதாகி ஓயாமல் மாற்றப்பட வேண்டியது; அதன் மரபணு பசுங்கணிகத்திடமே இருந்தாலும், புதியதைப் பொருத்தித் தரும் துணைப் புரதங்களில் பல உட்கருவின் கொடை.

ஆய்வாளர்கள் அளந்தது எலக்ட்ரான் ஓட்டத்தையே தவிர ஹாம்ஸ்டர் செல்லுக்குக் கிடைத்த உணவை அன்று. வெப்ப இரத்த விலங்கின் செலவுக்கு அதன் தோல்பரப்பு ஈடாகாது என்பதால், ஆய்வகத்தில் வளர்க்கும் திசுவுக்கு ஆக்சிஜன் ஊட்டுவது என்ற அடக்கமான பயனையே அவர்களும் பேசுகின்றனர். அதிலும், திசு தடிக்கும்போது ஆக்சிஜன் எட்டாத உள்ளடுக்குகளுக்கு வெளிச்சத்தை எவ்வாறு எட்டவைப்பது என்ற சிக்கல் மிஞ்சுகிறது.