கால்சியம் படிந்து இறுகிய முதுகு வட்டு: அறுவை சிகிச்சை எப்போது தேவை?

சௌல்தாரி (அந்தமான் நிக்கோபார்): கீழ்முதுகில் தொடங்கிக் கால் வரை பரவும் வலிக்காக ஸ்கேன் எடுத்தவருக்கு, வட்டு பிதுங்கி அதில் கால்சியம் படிந்துள்ளதாக அறிக்கை வந்தால் அச்சம் எழுவது இயல்பு. ஆனால், அந்தப் படிவு மட்டுமே அறுவை சிகிச்சைக்குக் காரணமாகாது. நரம்பு எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது என்பதே சிகிச்சையை முடிவு செய்கிறது.

வட்டு இறுகுவது ஏன்?

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்துள்ள வட்டின் வெளி வளையம் கிழியும்போது, உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. மென்மையான பிதுக்கம் பல நேரங்களில் தானாகவே சுருங்கிவிடும். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது. நாள்பட்ட பிதுக்கத்தில் கால்சியம் படிந்து எலும்பு போல இறுகினால், அது சுருங்கும் வாய்ப்பு குறைவு. இந்தப் படிவை எம்ஆர்ஐ-யை விட சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும்.

சிகிச்சை வழிகள்

முதற்கட்டமாக வலி நிவாரணிகளும் இயன்முறைப் பயிற்சிகளும் அளிக்கப்படுகின்றன. நீண்ட நாள் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்படுவதில்லை. வலி நீடித்தால் நரம்புப் பகுதியில் ஸ்டீராய்டு ஊசி செலுத்தப்படலாம். இது வீக்கத்தைக் குறைக்குமே தவிர, படிவைக் கரைக்காது.

இவை பலனளிக்காவிட்டால், நுண்ணோக்கி அல்லது எண்டோஸ்கோப் உதவியுடன் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இறுகிய பகுதி நரம்பு உறையுடன் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், உறை கிழியும் அபாயம் வழக்கத்தைவிட அதிகம். எனவே, நுண்துளைக் கருவியால் சிறிது சிறிதாகத் தேய்த்து அகற்றுகின்றனர். முதுகெலும்பு நிலைத்தன்மையை இழந்திருந்தால் மட்டுமே திருகாணிகள் பொருத்தி எலும்புகளை இணைக்கும் சிகிச்சை தேவைப்படும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல், ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள். சிகிச்சை தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

சென்னைக்குக் கப்பலில் செல்ல சுமார் 3 நாள்கள் ஆகும் அந்தமானில் இது கூடுதல் கவனத்துக்குரியது. இத்தகைய அறிகுறிகள் தோன்றினால், சௌல்தாரி போன்ற ஊர்களில் வசிப்போர் சென்னைப் பயண ஏற்பாடுகளுக்காகக் காத்திராமல், ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையை உடனே அணுக வேண்டும். வலி மட்டுமே உள்ளவர்கள், ஸ்கேன் படங்களை நிபுணரிடம் காட்டி நிதானமாக முடிவெடுக்கலாம்.