வெல்டிங் வெளிச்சமும் வலிக்காத காயமும்

பால் வாளி தூக்கிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடுகள் எழும்பிய பிறகு, கிள்ளான், ஷா ஆலம் பட்டறைகளில் வெல்டிங் பிடிக்கிறார்கள். கிள்ளானில் ஒரு பட்டறையில் நாங்கள் கண்டது: இரண்டு பேருக்கு ஒரே முகமூடி. இரும்பைப் பிடித்திருந்த பையனுக்கு ஒன்றுமில்லை. கேட்டால், "பழகிப்போச்சு அண்ணே, இப்பல்லாம் வலிக்கிறதே இல்ல" என்கிறான்.

அந்த 'வலிக்கல'தான் நமக்குப் பயமாக இருக்கிறது, தோழர்களே.

வெல்டிங் சுடரில் இரண்டு கேடு உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்பரப்பைச் சுடும். ராத்திரி மணலை வாரிப் போட்டது போல உறுத்தும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். (தாய்ப்பால் விடுவதெல்லாம் வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்.) மற்றது பளிச்சென்ற அந்த வெளிச்சமே. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போல, அது விழித்திரையில் குவிந்து அதைக் கெடுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. 2019 டிசம்பர் 26 அன்று கோலாலம்பூரில் சூரிய கிரகணம் தெரிந்தபோது வெறும் கண்ணால் பார்க்காதே என்று எச்சரித்ததும் இதற்காகத்தான். சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கறை விழும். சிலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். உறுதியாகக் குணமாக்கும் மருந்து இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்கோலோடு வருபவருக்கு நாம் ஒதுங்கி வழி விடுகிறோம். இந்தக் காயம் பட்டவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. நடப்பான், மோட்டார் சைக்கிளும் ஓட்டுவான். எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தில் மட்டும் ஓர் ஓட்டை இருக்கும்.

இதைச் சோதிக்க சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் ஒரு கட்டம் வகுத்தார். வீட்டிலேயே வரையலாம். 10 சென்டிமீட்டர் சதுரம், அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி. வாசிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஓரடி தூரத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணைப் பொத்திப் புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு மறு கண். இரண்டையும் திறந்து பார்த்தால் பயனில்லை: நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். கோடு வளைந்தாலோ, மறைந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கட்டம் சரியாகத் தெரிந்தாலும், பார்வை மங்கினால் போகத்தான் வேண்டும்.

முகமூடிக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் கேட்கும் பாதுகாப்புக்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. இரும்பு பிடிப்பவனுக்கும் தனி முகமூடி கேளுங்கள். கண் கெட்டால் சொக்சோவில் பதிய வேண்டும்; டாக்டர் சீட்டின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.