கீழாநெல்லியும் காமாலையும்: ஆராய்ச்சி கண்டது என்ன?

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் போதும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். விதைப்பாரும் இல்லை, நீர் பாய்ச்சுவாரும் இல்லை. செட்டிநாட்டுச் செம்மண்ணானாலும் சரளை கலந்த செம்புறை நிலமானாலும் ஈரம் கண்ட இடத்தில் அது தலைகாட்டும். களை எடுக்கும்போது கோரையோடு சேர்த்துப் பிடுங்கி வரப்பில் எறியப்படுவதும் அதுதான். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்துவிட்டால் தேடிப் போய்ப் பறிக்கப்படுவதும் அதுதான். அதை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது நெடுநாளைய வழக்கம்.

இந்தச் சிறு செடியை உலக மருத்துவ ஆராய்ச்சி ஒரு காலத்தில் மிகக் கூர்ந்து கவனித்தது. அதில் பெரும் பங்கு சென்னைக்கு உண்டு. ஆனால் அந்த ஆராய்ச்சியின் முதல் பாதிதான் கிராமம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. பின்பாதி வந்து சேரவில்லை. பின்பாதியைத் தெரிந்துகொள்ளாமல் முதல் பாதியை மட்டும் நம்புவது ஆபத்து.

காமாலை ஒன்றல்ல

காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. கல்லீரலோ பித்தநீர்ப் பாதையோ கெட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அசுத்தமான குடிநீர் மூலம் 'ஏ' வகை, 'ஈ' வகை வைரஸ்கள் பரவிக் காமாலை உண்டாக்கலாம். பித்தப்பைக் கல் அடைத்துக்கொண்டும் வரலாம். குடியினால் கல்லீரல் கெட்டும் வரலாம். தண்ணீர் தேங்கிய வயலில் வேலை செய்பவருக்கு எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றி, அதனாலும் கண் மஞ்சளிக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான்.

குடிநீரால் வரும் வகைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. ஓய்வும் ஒழுங்கான உணவும் இருந்தால் உடம்பே நோயை வென்றுவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்தவர், கீழாநெல்லிதான் குணமாக்கியது என்று சொல்வது இயற்கை. குடிக்காத பக்கத்து வீட்டுக்காரரும் அதே நாட்களில் எழுந்து நடமாடினார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வேண்டுமானால், தானாகக் குணமாகாத நோயில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

'பி' வகைக் காமாலை வைரஸ் அப்படிப்பட்டது. இரத்தத்தின் மூலமும், சுத்தம் செய்யாத ஊசியாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் இது பரவுகிறது. வயது வந்தவர்களில் பெரும்பாலோர் இதை உடம்பிலிருந்து விரட்டிவிடுவார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினாலோ பத்தில் ஒன்பது பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. கண்ணில் மஞ்சள் இருக்காது. உழவு, அறுப்பு எல்லாம் வழக்கம்போல் நடக்கும். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கிப்போகலாம், புற்றுநோயும் வரலாம். இப்படி வைரஸைச் சுமந்து திரிபவர்களின் இரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறைப் பொருள் ஒன்று காணப்படும். இதை 1960-களில் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி புளும்பெர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார்.

சென்னையில் நடந்த சோதனை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ அறிவியல் நிலையத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் சோதனைக்குழாயில் இந்த மேலுறைப் பொருளைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982-இல் எழுதினார்கள். புளும்பெர்க் பணியாற்றிய பிலடெல்பியா புற்றுநோய் ஆய்வு நிலையத்திலும் இதே செடி சோதிக்கப்பட்டது. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியைக் கீழாநெல்லிச் சாறு தடுக்கிறது என்று அங்கே 1987-இல் தெரிவித்தார்கள். மனிதருக்கு வரும் 'பி' வைரஸுக்கு நெருங்கிய வைரஸ் ஒன்று, 'வுட்சக்' என்னும் அமெரிக்க வளைவாழ் பிராணிக்கு வருவதுண்டு. அந்தப் பிராணிகளுக்குச் சாற்றைக் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது.

பிறகு மனிதர்களிடம் சோதனை. வேர் நீக்கிய கீழாநெல்லியை உலர்த்திப் பொடித்து, 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு சிலருக்கு மருந்தில்லாத பொடியைக் கொடுத்தார்கள். மருந்து நிறுத்தி 15 முதல் 20 நாள் கழித்து இரத்தத்தைப் பார்த்தபோது, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் பொருள் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ ஏடு இதை 1988-இல் வெளியிட்டது. தியாகராஜனுடன் புளும்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் கையெழுத்திட்டிருந்தார். இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் அவர்களும் குறிப்பிட்டார்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் லேகியம் விற்பவர்களும் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள்.

பின்பாதி

ஓர் இடத்தில் கிடைத்த முடிவு வேறு இடத்திலும் கிடைக்க வேண்டும். ஒரு வயலில் மட்டும் விளைந்த விதையை நல்ல ரகம் என்று எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ள மாட்டார் அல்லவா? தாய்லாந்தில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் விலகவில்லை என்று 1990-இல் எழுதினார்கள். நியூசிலாந்திலும் பலன் இல்லை என்று 1994-இல் அறிக்கை வந்தது. அதே ஆண்டு இந்தியாவிலேயே நடந்த மற்றோர் ஆய்வும் அப்படியே சொன்னது. சீனாவில் கீழாநெல்லி இனங்கள் மூன்றை ஒப்பிட்டார்கள். அவற்றுள் செந்தண்டு வகை, வைரஸின் வேறோர் அடையாளத்தைக் குறைத்தது. மேலுறைப் பொருளோ யாருக்கும் மறையவில்லை.

இவ்வாறு பல நாடுகளில் நடந்த 16 சோதனைகளை, மொத்தம் 1,326 நோயாளிகளின் விவரங்களை, 2011-இல் ஒன்றாக வைத்துச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். நாட்பட்ட 'பி' வகை நோயைக் கீழாநெல்லி இனங்கள் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே முடிவு. செடியில் ஒன்றுமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அதன் இலையில் உள்ள பில்லாந்தின் முதலிய பொருட்களைப் பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்குப் போகாமல் இதை மட்டும் நம்பி இருப்பதற்கு ஆதாரம் இல்லை.

நாட்டு வழக்கத்தைச் சோதிக்கப் போனால் எதிர்பாராத இடத்தில் முடிவு கிடைப்பதும் உண்டு. தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணி இதற்கு நல்ல உதாரணம். நீரிழிவுக்கு அது மருந்து என்று ஜமைக்காவில் சொன்னதைக் கேட்டு, கனடாவில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய், 1958-இல் புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின் மருந்தைக் கண்டார்கள். அதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதற்காக அந்த இலையை வீட்டில் அரைத்துக் குடிக்கக் கூடாது; அது நஞ்சு.

எந்தக் கீழாநெல்லி?

கீழாநெல்லி ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துவராததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று விவசாயிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எல்லோரும் ஒரே செடியைத்தான் பயன்படுத்தினார்களா என்ற கேள்வி அது. பழைய நூல்களில் 'பில்லாந்தஸ் நிரூரி' என்ற ஒரே தாவரப் பெயரின்கீழ் இந்தியச் செடிகள் எல்லாம் அடக்கப்பட்டிருந்தன. நிரூரி உண்மையில் அமெரிக்கச் செடி. இந்தியாவில் அந்தப் பெயரில் வழங்கியது அமாரஸ், பிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று செடிகளின் கலவை என்று 1985-இல் தாவரவியலார் பிரித்துக் காட்டினார்கள். சென்னைச் சோதனைக்கு எடுத்தது அமாரஸ்.

கடைச் சரக்கின் நிலையும் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து கீழாநெல்லி வாங்கி, மரபணு முறையில் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று கடைகளின் சரக்கு அமாரஸ்தான். மீதிக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. கலப்படம் செய்ய வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. வரப்பில் பறிக்கும் கைக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இனம் பிரிப்பது கடினம் அல்ல. சரியான கீழாநெல்லியில் சிற்றிலைகள் பக்கக் குச்சிகளில் மட்டும் வரிசையாக இருக்கும். குச்சியைத் திருப்பினால் அடியில், சிறு காம்பில் வழுவழுப்பான காய்கள் தொங்கும். காய் முரடாக, காம்பே இல்லாமல் குச்சியோடு ஒட்டியிருந்து, தண்டும் சிவந்திருந்தால் அது செந்தண்டு வகை. நடுத்தண்டிலேயே இலையும் காயும் இருந்தால் மேலாநெல்லி. பிரேட்டர்னஸ், டெபிலிஸ் இரண்டையும் பிரிக்கத்தான் கைலென்ஸ் வேண்டும்: அமாரஸில் காயின் அடியில் உள்ள புல்லிதழ் ஐந்து, மற்ற இரண்டிலும் ஆறு.

பறிப்பதும் பயிரிடுவதும்

களைக்கொல்லி தெளித்த வரப்பில் நிற்கும் செடியை மருந்துக்குப் பறிக்கவே கூடாது. சாக்கடை ஓரத்துச் செடிக்கும் இது பொருந்தும். நோயாளிக்கு என்று அவசரமாகப் பறிக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

விற்பனைக்குப் பயிரிட விரும்புவோர் முதலில் ஐந்து சென்ட்டில் பார்க்கலாம். விதை மிக நுண்ணியது. மணல் கலந்துதான் தூவ வேண்டும். நாற்றங்காலில் வளர்த்து, ஒரு மாத நாற்றாக நட்டால் களை நீக்குவது எளிது. நட்டு மூன்று மாதத்துக்குள், செடி காய் பிடித்துப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். பழுக்க விட்டால் இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். சத்து இருப்பதோ பெரும்பாலும் இலையில். அறுத்ததை நிழலில், துணியின் மேல் பரப்பி உலர்த்தினால் உதிரும் இலை வீணாகாது. ஈரம் காயாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து மொத்தச் சரக்கும் தள்ளுபடியாகும். தம் மண்ணுக்கு ஏற்குமா என்பதைச் செட்டிநாட்டில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம். வாங்குபவர் யார், வேரோடு வேண்டுமா வேர் நீக்கியா என்பதை விதைக்கு முன் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. விளைந்த பின் விலை கேட்டுப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து, எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு உடனடி மருந்து உண்டு. ஒரு வாரம் கீழாநெல்லி கொடுத்துக் காத்திருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடக்கூடும். கர்ப்பிணிக்கு 'ஈ' வகைக் காமாலை உயிருக்கே ஆபத்து. 'பி' வகை என்று தெரிந்தால், 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் 'பி' தடுப்பூசி போட வேண்டும். பிரசவம் எங்கே நடந்தாலும் செவிலியரிடம் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.